வாசல் தாண்டாத மொழி

வளைவில் ஜீப்பை மறித்தபோது லெதிஸுக்கு மூச்சு வாங்கியது. செருப்பு ஒன்று வழியிலேயே விழுந்திருந்தது.

பியெதாத் கண்ணாடியை இறக்கினாள். அரசாங்க நில அலுவலகத்திலிருந்து வந்தவள். காலையிலிருந்து வீடு வீடாக ஏறி இறங்கிக் களைத்திருந்தாள்.

"என்னம்மா?"

"நாங்க பேசுவோம் மேடம். எங்க மொழி எங்களுக்குத் தெரியும்."

"இப்பத்தானே எல்லாரும் தெரியாதுன்னு சொன்னீங்க? நீங்களும்தான் பக்கத்துல நின்னீங்க."

"தெரியும் மேடம்."

"அதை ஸ்பானிஷ்லதான சொல்றீங்க. சரி, பேசுங்க. ஏதாவது ஒண்ணு."

லெதிஸ் வாயைத் திறந்தாள். வெயில் அடித்துக்கொண்டிருந்தது. சாலை இரண்டு பக்கமும் காலியாகக் கிடந்தது. ஓட்டுநர் ஸ்டீயரிங்கில் தாளம் போட்டுக்கொண்டு அவளைப் பார்த்தான். தண்ணீர் என்ற சொல் நாக்கின் மேல் இருந்தது. அது நகரவில்லை.

பியெதாத் காத்திருந்து பார்த்தாள். பிறகு சொன்னாள், கோபமில்லாமல்தான்.

"வெள்ளிக்கிழமை இதே வழியாத் திரும்புறேன். ஒருத்தர் மட்டும் பேசினா போதாது. நிலத்துக்காக நாலு வார்த்தை மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கிறவங்களை நான் நிறையப் பாத்துட்டேன். நீங்க ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கிறதை நான் கேக்கணும். காதால கேட்டதைத்தான் எழுத முடியும்."

ஜீப் போய்விட்டது. லெதிஸ் செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

அவர்கள் வீடுகள் சாலைக்கும் பண்ணையின் முள்கம்பி வேலிக்கும் நடுவே இருந்த ஒடுக்கமான துண்டில் வரிசையாக நின்றன. மண் சுவர், ஓலைக் கூரை. வேலிக்கு அந்தப் பக்கம் கண்ணுக்கெட்டிய வரை புல்லும் மாடுகளும். பழைய முதலாளி அவர்களைக் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தார். பண்ணை கைமாறிவிட்டது. மழைக்கு முன்னால் காலி செய்யச் சொல்லியிருந்தான் காரியக்காரன் ரோசென்தோ.

தெற்கே அரசாங்கம் ஒரு பண்ணையை வாங்கி எத்தே என்ற பழங்குடி ஜனங்களுக்குக் கொடுத்திருந்தது. சிதறிப்போன குடும்பங்கள் ஒவ்வொன்றாக அங்கே போய்ச் சேர்ந்துகொண்டிருந்தன. சேர வேண்டுமானால் எத்தே என்று நிரூபிக்க வேண்டும். இவர்களிடம் பத்திரம் இல்லை. சர்ச் பதிவில் விவசாயக் கூலி என்றுதான் இருந்தது. மிச்சமிருந்த ஒரே சாட்சி நாக்கு.

ஊருக்குப் போய் அலுவலக வாசலில் உட்கார்ந்து, பியெதாத்தை வரவழைத்தவள் லெதிஸ். வரவழைத்த பிறகு அவளும் மற்றவர்களைப் போலத் தலையாட்டிக்கொண்டு நின்றிருந்தாள். யாரும் பேசிவைத்துச் செய்ததில்லை. வெளியாள் ஒருவன், ஒரு வாச்சா, வந்து கேட்டால் அந்தப் பதில் தானாக வந்துவிடும். தூசி விழுந்தால் இமை மூடுகிற மாதிரி.

உபால்தோ வேலிக்கம்பத்தில் சாய்ந்து நின்றிருந்தார். லெதிஸின் அம்மாவுடன் பிறந்தவர். அங்கே எல்லோருக்கும் மூத்தவர். பண்ணைக்கு முள்கம்பி கட்டிக் கட்டிக் கையெல்லாம் தழும்பு.

"ஏன் மாமா அப்படிச் சொன்னீங்க?"

"எப்படி?"

"வீட்ல என்ன பேசுவீங்கன்னு கேட்டாங்க. ஸ்பானிஷ்தான், வேற என்னத்தைப் பேசன்னு சொன்னீங்க."

"நீயும்தான் நின்னே. உன் வாயில என்ன, மரவள்ளிக்கிழங்கா?"

அடுத்த வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த எவெர் சிரித்தான். அவளுடைய சித்தி மகன். எதற்கும் சிரிப்பவன்.

"அக்கா ஜீப்பைத் துரத்திட்டு ஓடினதைப் பாத்தீங்களா மாமா? மாடு கூட அப்படி ஓடாது."

"நீ பேசுவியாடா வெள்ளிக்கிழமை?"

"நானா? பேசலாம். ஆனா எனக்கு என் தலை மேல கொஞ்சம் பிரியம் இருக்கு."

உபால்தோ சிரிக்கவில்லை. வீட்டுக்குள் போனார். லெதிஸும் பின்னால் போனாள். அவர் கதவைச் சாத்தினார். பிறகுதான் தங்கள் மொழியில் சொன்னார், உதடு அசைகிற அளவுக்கு.

"அவங்களுக்கு நிலம் கொடுக்கத் தெரியும். அதுக்கப்புறம் வர்றவங்களைத் தடுக்கத் தெரியுமா?"

தொங்குபடுக்கையில் ஏறி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவர் அண்ணன் சாகும்போது உபால்தோவுக்கு எட்டோ ஒன்பதோ வயது. சோளக்காட்டுக்குள் இருந்தார்கள். குதிரைக்காரர்கள் பண்ணைகளுக்காக எத்தே ஜனங்களை விரட்டி, கொன்று, நிலத்தைச் சுத்தம் செய்துகொண்டு வந்தார்கள். அவர்கள் கடந்துகூடப் போய்விட்டார்கள். அண்ணன் அம்மாவைக் கூப்பிட்டான். தங்கள் மொழியில், சத்தமாக. குதிரைகள் திரும்பின.

அன்றைக்குப் பிறகு அந்த மொழி வாசலைத் தாண்டியதில்லை. கதவைச் சாத்திய பிறகு, தொங்குபடுக்கைகளுக்கு நடுவே, கிசுகிசுப்பாக மட்டும். அடுத்து வந்த பிள்ளைகள் எல்லோரும் அப்படியே கற்றார்கள். லெதிஸ் தன் மகள் மிலெனாவுக்கும் காதோடுதான் சொல்லிக்கொடுத்தாள். அழுத்தி உச்சரிக்க வேண்டிய இரட்டை மெய்கள் அதில் நிறைய. சொல்லுக்கு நடுவே தொண்டை ஒரு கணம் அடைத்துத் திறக்கும். கிசுகிசுப்பிலும் அது தப்பாது. மொழி அதைப் பிடித்துக்கொண்டுதான் பிழைத்திருந்தது.

அந்த வாரம் முழுவதும் லெதிஸ் விடவில்லை. கிணற்றடியில் கேட்டாள். விறகு பொறுக்கும்போது கேட்டாள். கடைசி வீட்டு அமாலியா கையெடுத்துக் கும்பிட்டு, "என்னை விட்டுடு தாயி, எனக்கு மூணு பொண்ணுங்க இருக்கு" என்றாள். எவெர், "மாமா பேசினா நான் பாட்டே பாடறேன்" என்றான். எல்லாம் உபால்தோவிடம் வந்து நின்றது. உபால்தோ கம்பி கட்டப் போனார், வந்தார், சாப்பிட்டார், படுத்தார்.

தனியாக இருக்கும்போது அவள் பயிற்சி செய்தாள். வேலியோரம் நின்று வாயைத் திறப்பாள். காற்றுதான் வந்தது.

வெள்ளிக்கிழமை விடிகிறபோது அவளுக்கு ஒரு கனவு வந்தது. கெட்ட கனவு.

கெட்ட கனவு கண்டவள் சாப்பிடுவதற்கு முன் அதைத் தாய்மாமனிடம் சொல்ல வேண்டும். என்ன செய்தால் அது தீரும் என்று அவர் சொல்ல வேண்டும். சொல்லாத கனவு வீட்டில் யார் மேலாவது இறங்கும். சொல்லியும் பதில் கிடைக்காத கனவு அதைவிட மோசம். அதனால்தான் உபால்தோ தினமும் காபிக்கு முன்னால் அவள் வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போவார்.

அன்றும் வந்தார்.

"எதாவது பாத்தியா?"

"பாத்தேன்."

அவள் முகத்தைப் பார்த்ததும் அவர் கட்டையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சொல்லு."

"இங்க சொல்லமாட்டேன்."

"என்னது?"

"வெளிய சொல்றேன். ஜீப் வந்தப்புறம்."

உபால்தோ அவளையே பார்த்தார். பேசியபோது கிசுகிசுப்பு சீறலாக வந்தது.

"கனவை வச்சுப் பேரம் பேசறியா? உங்கம்மா இதையா சொல்லிக்கொடுத்தா?"

"பேரம் இல்ல மாமா. கனவு எனக்கு வந்தது. எங்க சொல்லணும்னு நான்தான் முடிவு பண்ணணும். வீட்டுக்குள்ளதான் சொல்லணும்னு யாவு சாமி சொன்னாரா? அதை நீங்கதான் சொன்னீங்க."

"நெஜமாவே பாத்தியா? இல்ல ஜோடிச்சியா?"

யாவு அனுப்பாத கனவைச் சொல்கிறவளின் வாய் அழுகிப்போகும். அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"பொய்க் கனவு சொல்றவளா நான்?"

அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். "யாரு வந்தா?"

"அம்மா."

அவர் எழுந்தார். உட்கார்ந்தார். செத்துப்போன தங்கை வந்து என்ன கேட்டாள் என்று தெரியாமல் அந்த இடத்தை விட்டு எப்படிப் போவது?

லெதிஸ் வெளியே போய்ச் சாலையோரத் திருவோட்டுமரத்தின் அடியில் விழுந்து கிடந்த மரத்தில் உட்கார்ந்தாள். மிலெனா காபி கொண்டுவந்தாள். அவள் கையை ஆட்டி வேண்டாம் என்றாள். கனவு உள்ளே இருக்கும்போது எதுவும் இறங்கக் கூடாது. தண்ணீர்கூட.

வெயில் ஏறியது. விஷயம் வீடு வீடாகப் போய்விட்டது. அமாலியா தன் பெண்களை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினாள். எவெர் வந்து எட்டி நின்று பார்த்தான்.

"கோழி அடைகாக்கிற மாதிரி உக்காந்திருக்கியே அக்கா. எப்பப் பொரியும்?"

அவள் சாலையைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள்.

"சொல்லிடு அக்கா. என் வீடு பக்கத்து வீடு. அது தடுமாறி என் மேல வந்து விழுந்தா?"

"விழட்டும். உனக்குத்தான் தலை மேல பிரியமாச்சே. பத்திரமாப் பாத்துக்கோ."

உபால்தோ வேலைக்குப் போகவில்லை. பதில் சொல்ல வேண்டியவர் கனவை விட்டுவிட்டுப் போக முடியாது. தன் வாசலில் குந்தி, மண்ணில் குச்சியால் கிழித்துக்கொண்டிருந்தார். உச்சி வேளையில் எழுந்து அவள் அருகே வந்தார். ஸ்பானிஷில் சொன்னார்.

"அந்தம்மா வரமாட்டாங்க. டவுன்காரங்க வெள்ளிக்கிழமைன்னா அடுத்த மாசம்."

"வருவாங்க."

"உன் உதடு வெடிச்சிருக்கு. உள்ள வா. சொல்லிடு. ஒரு வாய்த் தண்ணி குடி."

"மழை வந்தா எங்க போவோம் மாமா?"

"எங்கயாவது போவோம். எப்பவும் போய்க்கிட்டுத்தான இருக்கோம்?"

"நான் போகமாட்டேன்."

அவர் தொப்பியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். திரும்பிப் போகவில்லை. மரத்தின் மறுமுனையில் உட்கார்ந்தார். இருவரும் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு லாரி போனது. வெகு நேரம் கழித்து ஒரு கழுதை போனது. லெதிஸுக்குத் தலை சுற்றியது. மரத்தைக் கையால் பிடித்துக்கொண்டாள்.

நிழல் சாலையைத் தாண்டியபோது ஜீப் வந்தது.

பியெதாத் இறங்கினாள். இரண்டு பேரும் அப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்கவில்லை. டேப் ரெக்கார்டரைக் கையில் வைத்துக்கொண்டு ஜீப்பின் மேல் சாய்ந்தாள்.

லெதிஸ் மாமாவின் பக்கம் திரும்பினாள். பியெதாத்தைப் பார்க்கவில்லை. ஓட்டுநரைப் பார்க்கவில்லை.

முதல் சொல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது. நிறுத்தினாள். எச்சில் விழுங்க முயன்றாள், வாயில் எச்சில் இல்லை. மறுபடி தொடங்கினாள். தொண்டை கமறியது. மூன்றாவது முறை குரல் வந்தது. கரகரவென்று, அவளுடையது இல்லாத மாதிரி. ஆனால் குரல்.

"வேலியோரமா அம்மா நடந்து வந்தா. கையில குடுவை. வீட்டுக்கு வழி கேட்டா."

அந்த மொழியில் வினைச்சொல் கடைசியில்தான் வரும். அது வரும்வரை கேட்பவர் காத்திருக்கத்தான் வேண்டும். உபால்தோ காத்திருந்தார். அவர் கண் ஒருமுறை சாலைக்குப் போனது, ஒருமுறை ஜீப்புக்கு. ஒவ்வொரு வாக்கியமும் அவரைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தது.

"அமாலியா வீட்ல கேட்டா. தெரியாது மேடம்னு ஸ்பானிஷ்ல சொன்னாங்க. எவெர் வீட்ல கேட்டா. தெரியாது மேடம்னு சொன்னாங்க. உங்க வீட்ல கேட்டா. நீங்களும் அதையேதான் சொன்னீங்க. என் வாசலுக்கு வந்தா. அம்மாவுக்கு ஸ்பானிஷ் தெரியாதே மாமா. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அதையேதான் சொன்னேன். அப்படியே ரோட்ல உக்காந்துட்டா."

அவள் முடித்தாள். திருவோட்டுமரத்தில் ஒரு பறவை கத்தியது. டேப் சுற்றும் சத்தம் கேட்டது.

உபால்தோ அசையவில்லை. லெதிஸ் அவர் கையைத் தொடவில்லை, எதுவும் கேட்கவில்லை. இனி அவருடைய முறை. அவர் எழுந்து வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளேயிருந்து கூப்பிட்டால் அவள் போய்த்தான் ஆக வேண்டும். அதை அவள் முன்பே யோசித்திருந்தாள்.

அவர் தாடை அசைந்தது.

"எந்த இடத்துல உக்காந்தா?" என்றார். தங்கள் மொழியில். மெல்லத்தான். ஆனால் வெளியே, வெயிலில்.

"வளைவுக்கு இந்தப் பக்கம். பெரிய கம்பம் இருக்கிற இடம்."

"குடுவையில தண்ணி இருந்துதா?"

"இல்ல."

"அழுதாளா?"

"இல்ல. காத்துக்கிட்டிருந்தா."

உபால்தோ எழுந்தார். "கூடப் பிறந்தவங்க கூப்பிடணும்" என்றார். "வழி சொல்லணும். என்னைத் தவிர இப்ப யாரு இருக்கா?"

அவர் சாலையில் நடந்தார். பெரிய கம்பத்தின் அருகே போய் நின்றார். லெதிஸ் பின்னால் போனாள். பியெதாத் தள்ளியே வந்தாள்.

அவர் தங்கையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். முதலில் பக்கத்தில் இருப்பவளைக் கூப்பிடுகிற மாதிரி. பிறகு தூரத்தில் இருப்பவளைக் கூப்பிடுகிற மாதிரி. பிறகு நெஞ்சில் இருந்த காற்று முழுவதையும் திரட்டிக் கத்தினார்.

"எழுந்துரு தங்கச்சி! நேரா வா! ரெண்டாவது வீடு உன் பொண்ணு வீடு! நான் இங்கதான் இருக்கேன்! எத்தே ஜனங்க இங்கதான் இருக்காங்க!"

லெதிஸ் நின்றுவிட்டாள். எல்லாம் அவளுக்குத் தெரிந்த சொற்கள். ஆனால் ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் ஏற்றம் இருந்தது, ஓர் இறக்கம் இருந்தது. ஒரு சொல் மேலே ஏறி முறிந்தது, அடுத்தது தாழத் தொடங்கித் தாழவே முடிந்தது. கிசுகிசுப்பில் அது வராது. முப்பத்தைந்து வருடமாகப் பேசிய மொழியின் ராகம் அவளுக்கு இப்போதுதான் காதில் விழுந்தது.

வீட்டு வாசலில் மிலெனா பயந்து அழ ஆரம்பித்தாள்.

அவர் ஓயவில்லை. எந்த மரத்தைத் தாண்ட வேண்டும், எந்த இடத்தில் கம்பி அறுந்திருக்கிறது, யார் யார் உயிரோடு இருக்கிறார்கள், எல்லாவற்றையும் சொன்னார். அண்ணன் பெயரையும் சொன்னார். சோளக்காட்டில் கத்தியவன் பெயரை லெதிஸ் அதுவரை கேட்டதில்லை.

குதிரை வரும் சத்தத்தை முதலில் கேட்டவள் அவள்தான். வேலிக்கு அந்தப் பக்கம் ரோசென்தோ வந்துகொண்டிருந்தான். வேலைக்கு வராத ஆளைத் தேடி வந்திருப்பான். எவெர் தன் வீட்டுக்குள் நழுவுவதை அவள் பார்த்தாள். கதவு சாத்திக்கொண்டது.

உபால்தோவும் குதிரையைப் பார்த்தார். அவர் தோள் ஒரு முறை சுருங்கியது. வாக்கியம் பாதியில் நின்றது. வினைச்சொல் பாக்கி இருந்தது.

லெதிஸ் அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

அவர் வினைச்சொல்லைச் சொல்லி முடித்தார். சத்தமாகவே.

"என்ன உபால்தோ?" ரோசென்தோ குதிரையை வேலியருகே நிறுத்தினான். "அங்க கம்பி அறுந்து கெடக்கு, இங்க நின்னு யாரைக் கூவிட்டிருக்கே? குடிச்சிருக்கியா?"

"இல்ல. என் தங்கச்சிகிட்ட பேசிட்டிருக்கேன்."

"உன் தங்கச்சி செத்து எத்தனை வருஷமாச்சு?"

"அதான் சத்தமாப் பேசறேன்."

ரோசென்தோ ஜீப்பைப் பார்த்தான். பியெதாத்தின் கையில் இருந்ததைப் பார்த்தான். "இது என்ன பாஷை? நீங்க செவ்விந்தியங்களா? இத்தனை நாளா பண்ணையில இருக்கே, ஒரு வார்த்தை சொல்லலியே."

"எத்தே" என்றார் உபால்தோ. "நாங்க எத்தே."

"முதலாளிகிட்ட சொல்லணும்."

"சொல்லுங்க. இன்னிக்கு நான் வேலைக்கு வரலைன்னும் சேத்துச் சொல்லுங்க."

ரோசென்தோ கடிவாளத்தை இழுத்தான். குதிரை தலையை உதறியது. பிறகு திருப்பி ஓட்டிக்கொண்டு போனான். அவன் முதுகு சிறிதாகும்வரை உபால்தோ பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

பியெதாத் அருகே வந்தாள். டேப்பை நிறுத்தியிருந்தாள்.

"உங்க ரெண்டு பேர் வீடும் எழுதிக்கிறேன். இதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா மத்த வீடுங்க? அவங்க பேசி நான் கேக்கணும். இல்லன்னா உங்க ரெண்டு குடும்பத்துக்குத்தான் இடம்."

"அது முடியாது" என்றாள் லெதிஸ். "போனா எல்லாரும் போவோம்."

"இருட்டுறதுக்குள்ள நான் கிளம்பணும்மா."

லெதிஸ் நடந்தாள். எவெரின் கதவு சாத்தியே இருந்தது. கையால் தட்டினாள். உள்ளே யாரோ மூச்சுவிடுவது கேட்டது. பக்கத்தில் அமாலியா கதவிடுக்கில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

லெதிஸ் இரண்டு கையாலும் கதவைக் குத்தினாள். தங்கள் மொழியில் கூப்பிட்டாள். மாமாவிடம் கேட்ட ராகம் வரவில்லை. ஏற வேண்டிய இடத்தில் இறங்கியது. மறுபடி கூப்பிட்டாள், இன்னும் சத்தமாக, சாலையின் வளைவு வரை கேட்கும்படி.

"எவெர்! வெளிய வா! பாட்டுப் பாடறேன்னு சொன்னியே, வா!"

உள்ளே ஏதோ உருண்டது. தாழ்ப்பாள் விலகியது. எவெர் தலையை மட்டும் நீட்டினான். முகம் வெளுத்திருந்தது. சாலையைப் பார்த்தான். வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"ஏன் இப்படிக் கத்தறே?" என்றான், அதே மொழியில், அவளைவிடச் சத்தமாக. "எனக்கென்ன காது செவிடா?"